பல்லுக்குள் பழைய பசை

பல்லுக்குள்ளிருந்து எது வெளியே வந்தாலும் டாக்டரம்மா அதை முகர்ந்து பார்ப்பார். முகமூடியை மூக்குக்குக் கீழே இழுத்துவிட்டு, கம்பி நுனியை ஒரு விரற்கடை தூரத்தில் பிடித்துக் கண்ணை மூடிக்கொள்வார். பூக்கடையில் நின்று தாழம்பூ வாங்குகிறவர் மாதிரி இருக்கும் அந்த முகம். நான் அவரிடம் உதவியாளாக இருந்த ஆறு வருடமும் அந்த நொடியில் வேறு பக்கம் திரும்பிக்கொள்வேன்.

துருகம் சாலையில் ஓர் உரக்கடைக்கு மேல்மாடியில் இருந்தது கிளினிக். கள்ளக்குறிச்சி அப்போது விழுப்புரம் மாவட்டத்தைச் சேர்ந்தது. கீழேயிருந்து பூச்சிமருந்து நெடி ஏறி வரும். மேலே கிராம்பு எண்ணெயும் டெட்டாலும். பன்னிரண்டாவது முடித்துவிட்டு வடக்கனந்தலிலிருந்து டவுன் பஸ்ஸில் வேலைக்கு வந்த முதல் நாளே நான் வாந்தி எடுத்தேன். ஒரு பெரியவரின் கடைவாய்ப் பல்லில் எப்போதோ வைத்த அடைப்பை டாக்டரம்மா திறந்தார். அவ்வளவுதான். உடைந்து பல நாள் மூலையில் கிடந்த முட்டையின் மேல் யாரோ கிராம்புப் பொடியைத் தூவியது போல ஒரு நாற்றம் அறை முழுக்கப் பரவியது. நான் கழுவுதொட்டிக்கு ஓடினேன்.

திரும்பிக்கூடப் பார்க்காமல் டாக்டரம்மா கேட்டார்: "எடுத்தாச்சா? வாயக் கழுவிக்கினு வந்து டியூபப் புடி."

அவர் சின்னசேலம் பக்கத்துக்காரர். வெளியூரில் படித்தவர். அளந்து பேசுவார். கோபமோ உற்சாகமோ வந்தால் மட்டும் ஊர்ப் பேச்சு வெளியே வந்துவிடும். அந்த நாற்றம் அவருக்கு உற்சாகம்.

புதிதாகச் சொத்தையான பல் வந்தால் கடமைக்குச் செய்வார். வேறு யாரோ வேர் வரை சுத்தம் செய்து அடைத்து, சில வருடம் கழித்து மறுபடி சீழ் பிடித்த பல் வந்தால் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு உட்காருவார். ஊசியைவிடச் சன்னமான முறுக்குக் கம்பிகளை நான் வரிசையாக எடுத்து வைக்க வேண்டும். வேருக்குள் முதலில் வருவது பென்சில் முனை போன்ற ரப்பர் குச்சி. நீலகிரித் தைலம் இரண்டு சொட்டு விட்டால் அது இளகிக் கம்பியில் சுற்றிக்கொண்டு வந்துவிடும். அந்த ரப்பரை வேரோடு ஒட்டவைக்க ஒரு பசை போட்டிருப்பார்கள். வேரின் சுவரில் காரை மாதிரி படிந்திருக்கும் அதுதான் வராது.

"ரப்பரு எப்ப வேணா வரும். பசதான் வராது. அதுக்குப் பின்னாலதான் எல்லாம் குடியிருக்கு" என்பார்.

அந்தப் பசையைச் சுரண்டுவதுதான் அவருடைய உயிர். ஒரு பல்லுக்கு இரண்டு மணி நேரம். கம்பியை விட்டுத் திருகுவார், எடுப்பார், வெள்ளை டிஷ்யூ தாளில் துடைப்பார். பழுப்பாக, பச்சையாக, சில சமயம் கறுப்பாக ஒரு கோடு விழும். முகர்வார். "இன்னும் இருக்கு" என்று மறுபடி கம்பியை விடுவார். தாளில் கோடு விழாமல், மூக்கில் வாடை ஏறாமல் போகும்வரை விடமாட்டார். நோயாளிக்குத் தாடை வலிக்கும், எனக்கு இடுப்பு விட்டுப்போகும். அவருக்கு எதுவும் வலிக்காது.

மதியச் சாப்பாட்டையும் அந்த அறையிலேயே சாப்பிடுவார். ஒரு கையில் தயிர்சோறு டப்பா, முன்னால் மேசையில் காலையில் சுரண்டிய டிஷ்யூ. ஸ்பூனை வாயில் வைத்துக்கொண்டே குனிந்து பார்த்து, "இதப் பாரேன், கடுகு மாதிரி. அழுவக்கூட இல்ல, கல்லாவே ஆயிருக்கு" என்று என்னைக் கூப்பிடுவார். நான் என் டப்பாவை எடுத்துக்கொண்டு மாடிப்படிக்குப் போய்விடுவேன். உரக்கடையின் பூச்சிமருந்து நெடி எவ்வளவோ தேவலை.

இதையெல்லாம்கூடத் தொழில் என்று பொறுத்துக்கொள்ளலாம். அவர் முகர்ந்து முடித்துக் கண்ணைத் திறந்து பேசுவதைத்தான் என்னால் தாங்க முடியாது.

"எவன் கையில பண்ணீங்க இத?" என்று ஆரம்பிப்பார். நோயாளி வாயில் எச்சில் உறிஞ்சும் குழாய் இருக்கும், பதில் சொல்ல முடியாது. அதுதான் அவருக்கு வசதி. "சுத்தமே பண்ணல. சீழு மேலயே பசைய ஊத்தி மூடியிருக்கான். சாக்கட மேல சிமெண்டு போட்ட மாதிரி. இவனெல்லாம் டாக்டர்னு போர்டு வச்சிக்கினு இருக்கான்." அதோடு நிற்காது. தாளை நோயாளியின் கண்ணுக்கு நேரே நீட்டுவார். அடுத்து மூக்குக்கு நேரே.

நைனார்பாளையத்திலிருந்து ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் மனைவியோடு வந்தார். கஞ்சி போட்ட வேட்டி சட்டையில் மிடுக்கான மனிதர். அவருடைய பல்லிலிருந்து எடுத்ததை டாக்டரம்மா மூக்கருகே காட்டி, "மோந்து பாருங்க சார். இத்தினி வருசமா இத வாயில வச்சிக்கினுதான் பாடம் நடத்துனீங்க" என்றார். பெரியவர் முகர்ந்தார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பக்கத்தில் நின்ற மனைவி தலையைக் குனிந்துகொண்டு, "நான் சொன்னா கேக்க மாட்டாரு டாக்டர். அதான் நான் தனியா படுத்துக்கறேன்" என்றார். வரவேற்பு அறை வரைக்கும் அது கேட்டது. அங்கே காத்திருந்த யாரோ சிரித்தார்கள். பெரியவர் அந்த நாற்காலியில் சுருங்கிப்போனார். எனக்கு அவர் வாய் நாற்றத்தைவிட அந்தச் சிரிப்பு குமட்டியது.

ஆனால் அவரே ஒரு மாதம் கழித்து ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்து டாக்டரம்மாவைக் கும்பிட்டுவிட்டுப் போனார். அதையும் சொல்ல வேண்டும். வேறு எங்கே போனாலும் பிடுங்கிவிடுங்கள் என்பார்கள், டாக்டரம்மா ஒருநாளும் பிடுங்கச் சொன்னதில்லை. அவர் கைபட்ட பல் திரும்பக் கெட்டு நான் பார்த்ததில்லை. அதனால்தான் வாயைப் பொத்திக்கொண்டு நானும் அங்கே இருந்தேன்.

நான் சேர்ந்து நான்காவது வருடம் மலையிலிருந்து ஓர் அம்மா வந்தார்.

கல்வராயன் மலையில் வெள்ளிமலைக்கு அந்தாண்டை ஒரு சின்ன ஊர். அங்கே பள்ளிக்கூடத்துச் சத்துணவுக் கூடத்தில் சமையல் வேலை. நாற்பது வயது இருக்கும். முந்தானையால் முகவாயை மூடிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். எடுத்தபோது பார்த்தேன். முகவாயின் நடுவில் மிளகு அளவுக்கு ஒரு ஓட்டை. சுற்றிலும் தோல் சிவந்து உள்ளே இழுத்திருந்தது. ஓட்டையிலிருந்து மஞ்சளாக ஒன்று மெதுவாக ஊறி, காய்ந்த பொருக்கின் மேல் வழிந்தது. ஓர் ஈ அவரைச் சுற்றிக்கொண்டே இருந்தது. அவர் அதைத் துரத்தக்கூட இல்லை, பழகிவிட்டது போல.

"ரெண்டு வருசமா இப்பிடித்தான். களிம்பு தடவாத நாளு இல்ல. எல வச்சிக் கட்டுனேன், சுட்டும் பாத்தேன். ஆறுற மாதிரி ஆறி திரும்ப ஒழுவுது" என்றார். "பெரிய வியாதின்னு ஊருல பேர் கட்டிட்டாங்க. சோறாக்க வேணாம்னு நிறுத்திட்டாங்க. எவ வூட்டுலயும் என் கையால தண்ணி வாங்கறது இல்ல. எங்க வூட்டுக்காரு எனக்குத் தனித் தட்டு வச்சிட்டாரு."

டாக்டரம்மா கையுறை போட்ட விரலால் முகவாயை அழுத்தினார். ஓட்டையிலிருந்து சீழ் ஒரு புழுவைப் போல வெளியே வந்தது. விரலை மூக்கருகே கொண்டுபோனார். நான் சன்னலைப் பார்த்துக்கொண்டேன்.

"இது தோல் இல்லைங்க. பல்லு. கீழ் வரிசை முன் பல்லு ஒண்ணு உள்ள சீழு புடிச்சி, எலும்பத் தின்னுக்கினு கீழ வழி பண்ணியிருக்கு" என்றார். எக்ஸ்ரே எடுத்தோம். பல்லின் வேருக்குள் அடைப்பு வெள்ளைக் கோடாகத் தெரிந்தது. பாதி தூரம் போய் நின்றிருந்தது. அதற்குக் கீழே, குருணை அளவில், இன்னும் பளிச்சென்று ஒரு கோடு. சுத்தம் செய்தபோது கம்பி முறிந்து உள்ளேயே மாட்டிக்கொண்ட துண்டு.

"கம்பிய ஒடச்சி உள்ளயே வுட்டுட்டு, மேல பசைய அடச்சி மூடியிருக்கான்." டாக்டரம்மாவின் குரலில் உற்சாகம் ஏறிவிட்டது. "எங்க பண்ணீங்க?"

"எங்கூருலதான். பத்து வருசத்துக்கு முன்னால பள்ளிக்கூடத்துல பல்லு கேம்பு போட்டாங்க. காலேஜு பஸ்ஸு வந்திச்சி, உள்ளாறவே நாக்காலி. நான் புடுங்கித் தொலைங்கன்னுதான் போனேன். ஒரு பொண்ணு, படிக்கிற பொண்ணு, வேணாம்மா நான் காப்பாத்தித் தரேன்னு ஒக்கார வச்சிடுச்சி."

டாக்டரம்மா எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்து நெடுநேரம் பார்த்தார். பிறகு பல்லைத் திறந்தார். ரப்பர் வந்தது. அடுத்துப் பசை. மஞ்சள்தூளில் குழைத்தது போன்ற அழுத்தமான மஞ்சள். அதை முகர்ந்தார், இரண்டு தடவை. அதன்பின் அவர் செய்ததை அந்த நான்கு வருடத்தில் நான் பார்த்ததே இல்லை. தாளை யாருக்கும் காட்டாமல் கசக்கிக் குப்பைக்கூடையில் போட்டார்.

அன்றைக்குப் பாதி சுரண்டி, உள்ளே மருந்து வைத்து மூடினார். எழுந்து வாயைக் கொப்பளித்த அந்த அம்மா கேட்டார்: "கெட்டதுக்கு இன்னா காரணம் டாக்டரம்மா?"

"எவனோ அரைகுறையாப் பண்ணியிருக்கான்" என்றார் டாக்டரம்மா.

"எவ பண்ணாளோ அவ கை வெளங்காம போவ" என்றார் அந்த அம்மா, நேராக டாக்டரம்மாவைப் பார்த்தபடி.

"ஆமாங்க. இந்த மாதிரி ஆளுங்கள வுடவே கூடாது" என்றார் டாக்டரம்மா.

அந்த அம்மா போன பிறகு டாக்டரம்மா கதவைச் சாத்தினார். நான் கேட்கவில்லை, அவராகவே சொன்னார். என்னிடம் சொல்வது சுவரிடம் சொல்வது போல என்று நினைத்திருப்பார்.

"அந்த பஸ்ஸுல இருந்தது நான்தான். அந்த மஞ்சப் பவுடர எங்க பேட்ச்சுல நான் ஒருத்திதான் பசையில அத்தன அள்ளிப் போடுவேன். பரீச்சைக்குக் காட்டற ரெக்கார்டுல எனக்கு ஒரு கேஸ் கொறஞ்சிச்சி. முன் பல்லு சுலபம், சட்டுனு முடிஞ்சிரும்னு ஒக்கார வச்சேன். கம்பி ஒடஞ்சிடுச்சி. பஸ்ஸு கெளம்பற நேரம். சார் கிட்ட சொன்னா கையெழுத்துப் போட மாட்டாரு. பசைய நெறைய வச்சி அடச்சிட்டேன்."

"அவங்களுக்குத் தெரிய வேணாமா மேடம்?"

"தெரிஞ்சி இன்னா ஆவப்போவுது? நான்தான் இப்ப எடுத்துத் தரப் போறனே. வேற எவன் எடுப்பான் அத?"

அவர் சொன்னது உண்மைதான். வேறு யாரும் எடுத்திருக்க மாட்டார்கள். அந்த உண்மைதான் எனக்கு இன்னும் அருவருப்பாக இருந்தது.

வாரம் ஒருமுறை, மலை பஸ் பிடித்து கச்சிராயபாளையம் வழியாக அந்த அம்மா வந்தார். இரண்டாவது வாரம் ஓட்டையில் ஈரம் குறைந்திருந்தது. டாக்டரம்மா கண்ணில் பூதக்கண்ணாடி மாட்டிக்கொண்டு, மயிரிழை மயிரிழையாக மஞ்சளைச் சுரண்டினார். அவ்வளவு பொறுமையாக அவர் வேலை பார்த்து நான் கண்டதில்லை. துடைத்த தாள் ஒவ்வொன்றும் கசங்கிக் கூடைக்குப் போனது. முடிந்ததும் அந்த அம்மா துப்பிவிட்டு, முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு சாபம் விடுவார். "அவ வயித்துல போடற சோறு சீழாப் போவ." அடுத்த வாரம் இன்னும் நீளமாக. "என்னப் பாத்து எம் பேரப்புள்ள ஓடி ஒளியிற மாதிரி, அவளப் பாத்து அவ பெத்தது ஓடணும்."

டாக்டரம்மாவுக்கு ஒரு பெண் குழந்தை இருந்தது. ஒன்றாவது படித்தது. அவர் அதற்கும், "ஆமாங்க, அப்பிடித்தான் ஆவணும் அவனுக்கு" என்று தலையாட்டினார். கையைக் கழுவிக்கொண்டே, சோப்பை நுரைக்கத் தேய்த்துக்கொண்டே. நான் தட்டைக் கழுவுவது போல முகத்தைத் திருப்பிக்கொண்டேன். எத்தனையோ சீழைப் பார்த்த எனக்கு அந்தத் தலையாட்டலைப் பார்க்க முடியவில்லை.

மூன்றாவது வாரம் முறிந்த துண்டு வந்தது. சுற்றியிருந்த பசை கடைசித் துளி வரை போன பிறகு, தண்ணீர் பீய்ச்சியபோது தானாகவே மிதந்து வந்து தாளில் விழுந்தது. கறுத்த கண்ணிமை முடி போல ஒரு துண்டு. டாக்டரம்மா புதுக் கம்பி விட்டு எடுத்துத் துடைத்தார். கோடு விழவில்லை. முகர்ந்தார். முகம் மலர்ந்தது. "ஒண்ணுமே இல்ல. சுத்தம்!" என்று என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு, போன் மணி அடிக்கவே வெளியே போனார்.

அறையில் நாங்கள் இரண்டு பேர்தான். நான் பொறுக்க முடியாமல் அவர் காதருகே குனிந்தேன்.

"யக்கா, உங்க கிட்ட ஒண்ணு சொல்லணும். அந்த கேம்புல பண்ணது வேற யாருமில்ல..."

"தெரியும் பாப்பா" என்றார் அந்த அம்மா. நாற்காலியில் சாய்ந்தபடியே கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "மொத நாளே தெரியும். அன்னிக்கு அந்த பஸ்ஸுல ஒரு மணி நேரம் மல்லாந்து கெடந்தேன். மொகத்துல துணி கட்டியிருந்தா. கண்ணு மட்டும்தான் தெரிஞ்சிச்சி. எம் மூஞ்சிக்கு மேல அந்த ரெண்டு கண்ணையே பாத்துக்கினு கெடந்தவளுக்கு மறந்துடுமா?"

"அப்பவே கேட்டிருக்கலாம் இல்லக்கா?"

"கேட்டு, கோச்சிக்கினு பாதியில வுட்டுட்டா? வாயத் தொறந்து வச்சிக்கினு அவ கையிலதானே கெடக்கறேன். வேல முடியட்டும்." தலையைத் திருப்பிக் கதவைப் பார்த்தார். "அதுக்குத்தான் அப்பிடித் திட்டுனேன். நாக்கு கூசற மாதிரி திட்டுனா ஒரு வார்த்த சொல்லிடுவான்னு பாத்தேன். ஆமாங்க ஆமாங்கன்றா. தூ."

நாலாவது வாரம் பல்லை அடைத்து முடித்தார்கள். முகவாயில் ஓட்டை மூடி, புளியங்கொட்டை அளவுக்கு ஒரு சுருங்கிய வடு மட்டும் இருந்தது. ஒழுகல் நின்று பத்து நாளாகியிருந்தது. அந்த அம்மா எழுந்து புடவையைச் சரிசெய்துகொண்டு, "டாக்டரம்மா, எனக்கு ஒரு கடுதாசி எழுதிக் குடு. பள்ளிக்கூடத்துல காட்டணும்" என்றார்.

டாக்டரம்மா பெயர் அச்சிட்ட தாளில் தமிழில் எழுதினார். எழுதியதை என்னிடம் நீட்டிப் படிக்கச் சொன்னார். இவருக்கு முகவாயில் இருந்த புண் தோல் வியாதி அல்ல, தொற்றக்கூடியதும் அல்ல. பல்லில் பிடித்த சீழால் வந்தது. குணமாகிவிட்டது. சமையல் வேலை செய்யத் தடையில்லை. நான் உரக்கப் படித்தேன்.

"பல்லு எதனால சீழு புடிச்சிச்சின்னு எழுதல?"

"அது அவங்களுக்கு எதுக்குங்க?"

"எனக்கு வேணும். ரெண்டு வருசம் தனித் தட்டுல தின்னேன். யாரு பண்ண தப்புன்னு ஒரு வரி இருக்கட்டும்."

டாக்டரம்மா தாளை வாங்கினார். பேனா ஒரு நிமிடம் மேலேயே நின்றது. பிறகு கீழே சரசரவென்று இங்கிலீஷில் ஒரு வரி எழுதி, கையெழுத்துப் போட்டு, "சீல் வச்சிக் குடு" என்று என்னிடம் தள்ளினார். என் கண்ணைப் பார்க்கவில்லை.

முத்திரை குத்தினேன். அந்த அம்மா கையை நீட்டவில்லை. "படி பாப்பா" என்றார்.

நான் டாக்டரம்மாவைப் பார்த்தேன். அவர் கம்பிகளை எண்ணிக்கொண்டிருந்தார். அந்த ஒரு வரியைப் படிக்க என் பன்னிரண்டாம் வகுப்பு இங்கிலீஷ் போதும்.

"ஆறு மாசம் கழிச்சித் திரும்ப வந்து காட்டணும்னு எழுதியிருக்காங்க" என்றேன். அதில் இருந்ததே அவ்வளவுதான்.

அந்த அம்மா தாளை வாங்கி நான்காக மடித்தார். இடுப்பில் செருகினார். டாக்டரம்மாவின் பக்கம் திரும்பி, குரலை உயர்த்தாமலே கேட்டார்:

"எதுக்கு வரணும்? இன்னொண்ண ஒடச்சி உள்ள வைக்கவா?"

டாக்டரம்மாவின் கையிலிருந்த கம்பி தட்டில் விழுந்தது. அவர் முகம் வெளுத்ததை நான் பார்த்தேன். நான்கு வாரமாக ஆட்டிய ஒவ்வொரு தலையாட்டலும் அவருக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும். சட்டென்று என்னை முறைத்தார்.

"அந்தப் பொண்ண மொறைக்காத. அது சொல்லல" என்றார் அந்த அம்மா. "எனக்கு மொத நாளே தெரியும்." செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கிப் போனார். முந்தானையை முகத்துக்குக் கொண்டுபோகவே இல்லை.

அன்றே வேலையை விட்டுவிட்டேன் என்று எழுத ஆசைதான். இன்னும் இரண்டு வருடம் அங்கேதான் இருந்தேன். கால் மணி நேரத்தில் அடுத்த நோயாளி வந்தார், மணலூர்பேட்டைக்காரர். டாக்டரம்மா அவர் பல்லைத் திறந்து, முகர்ந்து, "எவன் கையில பண்ணீங்க இத?" என்றார். நான் குழாயை அவர் வாயில் வைத்தேன். அந்த அம்மாவுக்கு வேலை திரும்பக் கிடைத்துவிட்டது என்று மலைப் பக்கத்து நோயாளி ஒருவர் பின்னர் சொன்னார். முத்திரை போட்ட தாளே போதுமானதாக இருந்ததாம். யாரும் அதில் ஒரு வரியைக்கூடப் படிக்கவில்லையாம்.

டாக்டரம்மா அந்த அம்மாவைப் பற்றி என்னிடம் நிறைய தடவை பேசினார். வேலையில்லாத மதியங்களில், டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு. அந்த வடு மறைந்திருக்குமா, வீட்டுக்காரர் தட்டைச் சேர்த்து வைத்தாரா என்று ஒருநாளும் கேட்டதில்லை.

"அது எப்பிடிக் கண்டுபுடிச்சிச்சி?" என்பார். "நான் ஒரு வார்த்த வுடல. மாஸ்க் வேற போட்டிருந்தேன் அன்னிக்கு. பேரு கூட யாரும் சொல்லியிருக்க மாட்டாங்க. எப்பிடித் தெரிஞ்சிச்சி அதுக்கு? நீ எதனா கேட்டியா?"

"தெரியல மேடம்" என்பேன்.

ஆறு வருடத்தில் அவர் கேட்ட எல்லாவற்றையும் எடுத்துக் கொடுத்திருக்கிறேன். அதை மட்டும் கொடுக்கவில்லை.